போன வருஷம் நாற்பது பேர்தான் வந்தார்கள். இந்த வருஷம் தெரு விழாவுக்கு ஆட்களை எப்படி வரவைப்பது?

சென்னைப் புறநகரில் ஐந்து தெருக்கள், 140 வீடுகள், நலச்சங்கத்துக்கு நீங்கள் புதிய செயலாளர். போன ஆண்டு காணும் பொங்கல் அன்று மாலை ஐந்து மணிக்கு வைத்த விழாவுக்கு நாற்பது பேர்தான் வந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஏழேகாலுக்கு வந்தார். 250 பேருக்குச் சொன்ன சாப்பாட்டில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. இந்த முறை ஒரு லட்சம் போதுமா, என்ன நிகழ்ச்சி வைத்தால் கூட்டம் வரும், யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும், வெளிநாட்டில் செய்வதுபோல வீட்டுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துவரச் சொல்லலாமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அன்றைக்கு ஏன் வரவில்லை, திரும்பக் கூப்பிட்டால் வருவார்களா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் உள்ளாட்சியில் 31 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஏழு ஆண்டு பொருளாளர், நான்கு ஆண்டு செயலாளர். சாப்பாடு, தண்ணீர், குப்பை இவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம், அது என் தொழில். ஆட்கள் ஏன் வருகிறார்கள், ஏன் வருவதில்லை என்பது ஐந்தாறு விழாக்களில் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. அதை உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மின்சாரமும் சட்டமும் என் துறைகள் இல்லை.

முதல் தப்பு தேதி. பொங்கலுக்குச் சென்னைப் புறநகரில் யார் இருக்கிறார்கள்? போகிக்கு முந்தைய நாள் மாலையே கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் என்று பாதித் தெரு கிளம்பிப் போயிருக்கும். மிஞ்சியவர்கள் காணும் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கோ வண்டலூருக்கோ போயிருப்பார்கள். அன்று மாலை உங்கள் பந்தலுக்கு வந்த நாற்பது பேரும் போக வேறு இடம் இல்லாதவர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் வயதானவர்களாக இருந்திருப்பார்கள். சரிதானா?

சரி, தை பிறந்த பிறகு வைக்கலாம் என்றால் இன்னொரு சிக்கல். தையும் மாசியும் கல்யாண மாதங்கள். தினசரிக் காலண்டரில் சுபமுகூர்த்தம் என்று போட்ட ஞாயிற்றுக்கிழமையில் சமையல் மாஸ்டர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும். ஷாமியானாக்காரருக்கும் அதே கதை. உங்கள் தெருக்காரர்களுக்கே அன்றைக்கு இரண்டு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் மைக் சத்தம் கேட்டாலே உங்களை எதிரியாகப் பார்ப்பார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி 26 எல்லா மதத்தாருக்கும் பொதுவான நாள், கொடியேற்றத்தோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் அது வெள்ளியிலோ திங்களிலோ வந்துவிட்டால் மூன்று நாள் விடுமுறை, மறுபடியும் ஊர் காலி.

இதையெல்லாம் கழித்துப் பார்த்து நாங்கள் கடைசியில் பிடித்தது ஜனவரி முதல் ஞாயிறு. மார்கழி. கல்யாணம் கிடையாது, ஆகவே மாஸ்டரும் பந்தல்காரரும் சும்மா இருப்பார்கள். விலையைக் கொஞ்சம் பேசிக் குறைக்கவும் முடியும். அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். வெயில் ஏறாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோலத்துக்கென்றே இருக்கிற மாதம் அது. மழை வராது என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் எப்படிக் கொட்டியது என்று நினைவிருக்கும். ஒரு கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ மாற்று இடமாகக் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது காரணம் அழைப்பு. வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். எங்கள் குழுவைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டுமே அதில் இருந்தார்கள். அதிலும் சிலர் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் போடுகிறவர்கள். தெருவில் நிஜமாகக் குடியிருக்கிற வாடகைக்காரர்களில் ஒருவர்கூட இல்லை. சங்கத்தில் வாக்குரிமை இல்லாதவரை எதற்குக் குழுவில் சேர்ப்பது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். விழாவுக்கு வர வேண்டிய இளம் குடும்பங்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகள் எல்லாம் வாடகை வீடுகள்தாம்.

குழுவில் இருப்பவர்களுக்கும் அந்தச் செய்தி அழைப்பாகப் படாது, தகவலாகத்தான் படும். நம் ஊரில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு நிமிடம் உட்கார்ந்து, "குடும்பத்தோட வந்துடுங்க" என்று சொன்னால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. "ஒரு வார்த்தை வந்து சொல்லலையே" என்று சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே போகாமல் இருக்கிற ஜனம் நாம். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஞாயிறு, சனி மாலைகளில் இரண்டு இரண்டு பேராக 140 வீட்டுக்கும் போங்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் நல்லது. ஒரு மாலைக்கு இருபது வீட்டுக்கு மேல் முடியாது, காபி குடிக்கச் சொல்வார்கள்.

போகும்போது நன்கொடை ரசீது புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரசீது புத்தகத்தைப் பார்த்ததும் கதவு பாதிதான் திறக்கும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். அதில் வீட்டு எண், எத்தனை பேர், பிள்ளைகள் என்ன வயது, நடக்க முடியாத பெரியவர்கள் உண்டா என்று எழுதிக்கொண்டு கடைசியில் ஒன்று கேளுங்கள்: "அன்னைக்கு உங்க வீட்டிலிருந்து எதைக் கொஞ்ச நேரம் கொடுக்க முடியும்?" ஒருவர் ஜமக்காளம் தருவார், இன்னொருவர் பித்தளை அண்டா, ஒரு பாட்டி தாயக்கட்டை, ஒருவர் கார் நிறுத்துமிடத்தைக் காலி செய்து தருவார். ஒரு வீட்டில் பையன் கீபோர்டு வாசிப்பான் என்று அம்மா சொல்ல, அவன் உள்ளே ஓடி ஒளிவான். பொருளைக் கொடுத்த வீட்டுக்காரர் அன்றைக்குத் தன் அண்டா பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவாவது வந்து நிற்பார். எங்கள் தெருவில் பதினோரு வருஷமாக எந்த விழாவுக்கும் எட்டிப் பார்க்காத ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இருந்தார். அவர் வீட்டு மர ஏணியைக் கேட்டு வாங்கினோம். தோரணம் கட்டும் பையன்கள் ஏணியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டத்தான் காலை ஆறு மணிக்கு வெளியே வந்தார். மதியம் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார்.

இப்போது பதார்த்தக் கேள்வி. பாரிஸ் நகரில் 1999-இல் தொடங்கிய அண்டைவீட்டார் விழா இந்த முறையில்தான் நடக்கிறது. மேசையை வாசலில் போட்டு, அவரவர் கொண்டுவந்ததை வைத்து, மேடையோ பேச்சோ இல்லாமல் சேர்ந்து சாப்பிடுவார்கள். அங்கிருந்து அது பல நாடுகளுக்குப் பரவியது. எனக்குப் பிடித்த ஏற்பாடுதான். ஆனால் நம் தெருவில் அதை முதல் வருஷமே செய்யாதீர்கள். யார் வீட்டுச் சமையலை யார் தொடுவார்கள் என்ற கணக்கு நம்மிடம் இன்னும் போகவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மேசையில் ஒரு வீட்டுப் பாத்திரம் வழித்துக் காலியாகியிருக்கும், பக்கத்துப் பாத்திரம் மூடி திறக்காமல் அப்படியே இருக்கும். அந்தப் பாத்திரத்தை மூடியோடு திரும்பத் தூக்கிக்கொண்டு போகிற அம்மாவின் முகத்தை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். நாங்கள் நல்லெண்ணத்தில் வைத்த மேசைதான் அது. அதற்குப் பதில் தெரு நடுவில் ஒரே அடுப்பு, ஒரே அண்டா, மாஸ்டர் ஒருவர். காய் நறுக்க மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் அரிவாள்மனையோடு வரச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு ஜமக்காளத்தில் இருபது பெண்களும் நான்கைந்து ஆண்களும் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குகிற அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கிற பேச்சு, நீங்கள் மேடையில் வைக்கிற எந்த நிகழ்ச்சியிலும் நடக்காது.

சைவச் சமையலாக வைத்துக்கொள்ளுங்கள். அது உயர்ந்தது என்பதற்காக இல்லை, எல்லோரும் சாப்பிட முடியும் என்பதற்காக. ஜனவரி முதல் வாரத்தில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் தெருவில் இருப்பார்கள்.

எவ்வளவு சமைப்பது? கலந்த சாத வகைகள் என்றால் கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று மாஸ்டர் சொல்வார். மூன்று வகைச் சாதமும் பொரியலும் இருந்தால் பத்துப் பேர்வரை வரும். பிள்ளைகளை அரை ஆளாகக் கணக்கிடுங்கள். உங்கள் 140 வீட்டில் முதல் வருஷம் பாதி வீடு வந்தாலே பெரிய விஷயம். எழுபது வீடு, வீட்டுக்கு மூன்று பேர், ஏறக்குறைய 200 பேர், 20 முதல் 25 கிலோ அரிசி. பாதி வீடு என்பது என் அனுமானம் மட்டுமே. உண்மையான எண்ணிக்கைக்கு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நோட்டோடு இன்னொரு முறை நடக்க வேண்டும். மாஸ்டரிடம் பத்து சதவீதம் குறைத்தே சொல்லுங்கள். குறைந்தால் அரை மணி நேரத்தில் இன்னொரு குக்கர் சாதம் எந்த வீட்டிலும் வடித்துவிடலாம்.

இனி வருவது என் தொழில், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் கிருமிகள் பெருகும். தெரு விழாவில் குளிர்பதனம் இருக்காது, ஆகவே சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் இடையிலான நேரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. காலை ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிட்டு மாஸ்டர் பீடி குடிக்கப் போய்விடுவார், விடாதீர்கள். பெரிய அண்டாவில் மூடி வைத்த சாம்பார் சாதம் மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், அதுதான் ஆபத்து. சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால் "கொதிக்க வைச்சுட்டா சரியாயிடும்" என்பது செல்லாது. புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வைக்கலாம், புளிப்பு அதைக் காப்பாற்றும். சாம்பார் சாதம் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கினால் போதும். தயிர் சாதம் கடைசி, அதுவும் சின்னச் சின்னப் பாத்திரத்தில். தேங்காய் சேர்த்த எதையும் அரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் மூன்றாவது விழாவில் காலை டிபனுக்குத் தேங்காய்ச் சட்னியை ஆறு மணிக்கே அரைத்து வைத்தார்கள். கடைசிப் பந்தி பத்தரைக்கு. அன்று இரவுக்குள் பதினோரு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, உப்புச் சர்க்கரைக் கரைசலோடு போயிற்று. ஆனால் ஊரெல்லாம் ஓட்டல்களைச் சோதித்தவன் வீட்டு வாசலில் நடந்த விழாவில் இது. என் மனைவி இன்றைக்கும் சட்னி அரைக்கும்போது என்னைக் கூப்பிட்டு மணி பார்க்கச் சொல்கிறாள். அந்த வருஷத்திலிருந்து எங்கள் விழாவில் காலை டிபன் கிடையாது. சுண்டலும் சுக்குக் காபியும் மட்டும்.

குடிக்க ஆளுக்கு அரை லிட்டர், 200 பேருக்கு 20 லிட்டர் கேன் ஐந்தாறு போதும், இரண்டு கூடுதலாக வையுங்கள். கை கழுவ அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும். குழாய் வைத்த ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் சோப்பும் பந்திக்குப் போகும் வழியிலேயே இருக்கட்டும். யாரும் நினைக்காத விஷயம் கழிப்பறை. சமையல்காரர்கள், பறை அடிக்க வரும் தம்பிகள், தெரு முனை வீட்டுப் பாட்டி எல்லோருக்கும் அது வேண்டும். பந்தலுக்கு அருகில் இரண்டு வீட்டில் முன்கூட்டியே பேசி, வாசலில் ஒரு அட்டையும் மாட்டிவிடுங்கள். எங்கே போவது என்று கேட்கக் கூச்சப்பட்டே பாதியில் வீட்டுக்குப் போய்த் திரும்பி வராத பெண்கள் உண்டு.

நிகழ்ச்சிகள். காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். மாலை விழா வேண்டாம். விளக்கு, ஜெனரேட்டர், கொசு என்று செலவும் ஏறும், எட்டு மணிக்கு மேல் ஆள் நிற்காது. ஆறரைக்குக் கோலம். மேடைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டி வைக்கிற கோலப் போட்டி வேண்டாம், அவரவர் வீட்டு வாசலிலேயே போடட்டும். நடுவர்கள் நடந்து போய்ப் பார்க்கட்டும். மேடைக்கு வரக் கூச்சப்படுகிறவர்களும் தங்கள் வாசலில் நிற்பார்கள், அடுத்த வாசலைப் பார்க்க நகர்வார்கள், அப்படியே தெரு முழுக்க ஆள் வெளியே வந்துவிடும். கோலம் போடும் வழக்கமில்லாத வீடுகள் பூவாலோ வண்ணக் காகிதத்தாலோ வாசலை அலங்கரிக்கலாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒரு இஸ்லாமியர் வீட்டில் பிள்ளைகள் கூழாங்கல்லால் பிறையும் விண்மீன்களும் வைத்து இரண்டாம் பரிசு வாங்கினார்கள்.

பிள்ளைகள் நடனத்தை ஒரே கொத்தாக முதலில் வைக்காதீர்கள். தன் பிள்ளை ஆடி முடித்ததும் பெற்றோர் எழுந்து போய்விடுவார்கள், எல்லா ஊரிலும் இதுதான். இரண்டு நடனம், ஒரு கோணிப்பை ஓட்டம், ஒரு பாட்டு, பிறகு கயிறு இழுத்தல் என்று கலந்து போடுங்கள். உறியடியைக் கடைசிக்கு வைத்தால் பந்திவரை கூட்டம் கலையாது. வயதானவர்களுக்கு நிழலில் தாயமும் பல்லாங்குழியும். பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தட்டு, டம்ளர். கோப்பையும் பொன்னாடையும் பரணில்தான் கிடக்கும்.

சிறப்பு விருந்தினர் பற்றி என் கருத்து கடுமையானது: வேண்டாம். பெரிய மனிதர் வருகிறார் என்றால் எல்லாம் அவருக்காகக் காத்திருக்கும், கடைசியில் அவர் வந்துபோன புகைப்படம்தான் விழா என்று ஆகிவிடும். வார்டு கவுன்சிலரைக் கூப்பிடாமல் இருப்பது சிரமம் என்பது புரிகிறது. கூப்பிடுங்கள், ஆனால் பந்திக்கு வரச் சொல்லுங்கள். மேடையேற்றுவதானால் அந்தத் தெருவில் அதிக நாள் வாழ்ந்த ஒருவரையும், தினமும் குப்பை எடுக்கிற தூய்மைப் பணியாளர்களையும் ஏற்றுங்கள். அவர்களுக்கு வேட்டி சேலை கொடுத்து ஓரமாக அனுப்பாமல் முதல் பந்தியில் குடும்பத்தோடு உட்கார வையுங்கள். இஸ்திரி போடுகிறவர், காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கட்டட வேலை நடக்கும் மனையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லோரும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். சங்கத்தில் ஒருவர் முகம் சுளிப்பார், நிச்சயம். அவரிடம் அன்றைக்கு மோர் வாளியைக் கொடுத்துவிடுங்கள்.

இலவச மருத்துவ முகாமும் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பறைச் சத்தத்துக்கு நடுவில், ஓடி வந்த மூச்சோடு எடுக்கும் ரத்த அழுத்தத்துக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டியது அது. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு சர்க்கரை பார்த்து, மாமாக்கள் மூன்று பேர் பயந்து வீட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். முகாம் வேண்டுமென்றால் வேறொரு நாள், வெறும் வயிற்றில், காலையில்.

அனுமதிக்கு வருவோம். காவல் நிலையத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள்: தேதி, நேரம், எந்தத் தெரு, எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்று. முத்திரையிட்ட நகல் கையில் இருக்கட்டும். பேருந்து போகிற சாலையை அடைக்க நினைக்காதீர்கள், உள்தெரு போதும். அதிலும் ஒரு ஓரத்தில் ஆம்புலன்ஸ் நுழைய வழி இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பொருந்தும். எழுத்துமூல அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை கூடாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருந்தால் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பொது இடத்தின் எல்லையில் ஒலி, அந்தப் பகுதிக்கு வகுத்த அளவுக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இதில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். அதை அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது, எனவே மைக்குக்கு இரண்டு சின்னப் பெட்டி போதும் என்று முடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் நோயாளி இருக்கிற வீட்டைப் பார்த்து எந்தப் பெட்டியும் திரும்பியிருக்கக் கூடாது. நோட்டில் எழுதியது இங்கே உதவும்.

உள்ளாட்சிக்கும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மண்டல அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டால் மறுநாள் காலை வண்டி வரும். வாழை இலையும் காய்கறித் தோலும் ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் கப்பும்கூட அதில் அடக்கம், கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். அன்று மாலை தெருவைக் கூட்ட வேண்டியது நீங்களும் சங்கக்காரர்களும். மதியம் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட தூய்மைப் பணியாளர் மறுநாள் விடியற்காலையில் உங்கள் எச்சில் இலையைப் பொறுக்கும்படி விடாதீர்கள்.

மின்சாரத்தில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். தெருக் கம்பத்தில் கொக்கி போட விடாதீர்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அது திருட்டு, உயிருக்கும் ஆபத்து. தற்காலிக இணைப்பு வேண்டுமென்றால் மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது சின்ன ஜெனரேட்டர். மேலே கம்பி போகும் இடத்தில் பந்தல் கால் நட வேண்டாம். மற்றதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

ஒரு லட்சம் போதுமா என்றால், நான் சொன்ன அளவுக்கு அவ்வளவு தேவைப்படாது என்றே நினைக்கிறேன், உங்கள் பகுதி விலைவாசியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மளிகை, மாஸ்டர் கூலி, பந்தல், மைக், பரிசு, இவ்வளவுதான் செலவு. பரிசுப் பொருளை நாங்கள் பாரிமுனையில் மொத்த விலைக்கு வாங்கினோம். விளம்பரதாரர் பணத்துக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். ஒரு வருஷம் மனை விற்பனைக்காரர் ஒருவர் பாதிச் செலவை ஏற்றார். பந்தல் முழுக்க அவர் பதாகை, கயிறு இழுத்தலுக்கு நடுவில் அவர் ஆட்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், அடுத்த ஆறு மாதம் எங்கள் எல்லோர் தொலைபேசியும் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தோம். கொடுக்க முடியாதவரைக் கேட்பதில்லை, கூடுதலாகக் கொடுக்கிறேன் என்பவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. ஐயாயிரம் கொடுத்தவர் ஐந்தாயிரத்துக்கு மைக்கில் பேசுவார் என்பதால் வைத்த வரம்பு அது. விழா முடிந்த மறு ஞாயிறுக்குள் வரவு செலவை எழுதித் தெருப் பலகையில் ஒட்டிவிடுங்கள், சுண்டலுக்கு வாங்கிய கொண்டைக்கடலை முதற்கொண்டு. மீதி எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்தாலும் முதல் வருஷம் தெரு முழுவதும் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். போன வருஷம் சூடு கண்ட வீடுகள் தள்ளி நின்று பார்க்கும். சிலர் எந்த வருஷமும் வர மாட்டார்கள், அது அவர்கள் இஷ்டம். எங்களுக்கு முதல் முறை ஐம்பது வீட்டுக்குக் குறைவாகத்தான் வந்தது, நான்காவது முறைதான் அண்டா போதாமல் ஓடினோம்.

நீங்கள் இப்போதைக்குச் செய்ய வேண்டியது, அந்த 140-இல் எத்தனை வாடகை வீடு, எத்தனை பூட்டிய வீடு என்று எண்ணுவது. எண்ணிவிட்டு இங்கேயே எழுதுங்கள், அரிசிக் கணக்கும் மளிகைப் பட்டியலும் போட்டுத் தருகிறேன்.